குத்திய துளை மூடாது: தோல் தைப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

பொழுதுபோக்காகத் தோல் வேலை செய்பவர்களின் கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன். எனக்கு இது தொழில் அல்ல; துணி தைத்துப் பழகி, பிறகு தோலுக்கு வந்தவள். துணிக்காரர்கள் தோலில் செய்கிற தப்புகள் எனக்கு அத்துப்படி. எல்லாம் நானே செய்து பார்த்தவை.

கேள்வி: அக்கா, வீட்டுத் தையல் மெஷினில் தோல் தைக்கலாமா? மெஷின் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

தோல் மெல்லியதா, மென்மையானதா என்று பாருங்கள். இரண்டு அடுக்கும் சேர்த்து 2 மில்லிமீட்டருக்குள் என்றால் நல்ல நிலையில் உள்ள வீட்டு மெஷின் பெரும்பாலும் தாங்கும். முதல் நாலைந்து தையலை மோட்டாரில் ஓட்டாமல் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சக்கரம் முரண்டு பிடித்தால் அதோடு விட்டுவிட்டுக் கைத்தையலுக்குப் போய்விடுவது நல்லது.

ஊசியைக் கட்டாயம் மாற்ற வேண்டும். தோல் ஊசி என்று கேட்டு வாங்குங்கள். 100/16 அல்லது 110/18 எண் ஊசி போதும். அதன் முனை உளி போல வெட்டிக்கொண்டு இறங்கும். அதே ஊசியை மறந்துபோய்த் துணிக்குப் போட்டால் இழைகளையும் வெட்டிவிடும், கவனம்.

அடுத்தது தையல் நீளம். என் முதல் பர்ஸை ரவிக்கை தைக்கிற பழக்கத்தில் 2 மில்லிமீட்டர் வைத்துத் தைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரே வாரத்தில், தபால்தலைத் தாளைக் கிழிக்கிற மாதிரி, தையல் ஓடிய கோட்டிலேயே தோல் பிரிந்து வந்தது. நூல் ஒரு இடத்தில்கூட அறுபடவில்லை! நெருக்கமாகத் துளை விழுந்தால் நடுவில் தாங்குவதற்குத் தோலே மிச்சமிருக்காது. 3.5 முதல் 4 மில்லிமீட்டர் வரை வையுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் பின்னோக்கித் தைக்க வேண்டாம். அதே இடத்தில் இரண்டாவது முறை ஊசி இறங்கினால் அந்த இடம் சல்லடைதான். நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, உள்பக்கம் இழுத்து முடிச்சுப் போடுங்கள். குண்டூசிக்கும் இதே கதை, குத்தினால் தழும்பு நிற்கும். காகிதம் பிடிக்கிற கிளிப் போதும்.

மெஷினில் தோலை அழுத்திப் பிடிக்கிற பாதம் அதில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால் டெஃப்லான் பாதம் மாட்டுங்கள். இல்லையென்றால் மேலே மெல்லிய காகிதம் வைத்துத் தைத்துவிட்டு அப்புறம் கிழித்து எடுங்கள்.

கேள்வி: மெஷினில் தைத்தால் அடியில் நூல் குருவிக்கூடு மாதிரி சிக்குகிறது. கீழ் நூல் சுற்றிய பாபினை மூன்று முறை மாற்றிவிட்டேன்.

பாவம், பாபின் மேல் பழி போடாதீர்கள். சிக்கு அடியில் விழுந்தால் பெரும்பாலும் தப்பு மேல் நூலில்தான். பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்திருப்பீர்கள். பாதம் இறங்கியிருக்கும்போது, மேல் நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகள் இரண்டும் இறுக மூடியிருக்கும். நூல் அவற்றுக்கு நடுவே போகாமல் மேலாகவே ஓடிவிடும். பிடிமானம் இல்லாத மேல் நூல் முழுவதும் அடியில் போய்க் குவிகிறது. பாதத்தைத் தூக்கி, மேல் நூலை உருவிவிட்டு, முதலிலிருந்து கோத்துப் பாருங்கள்.

கேள்வி: கைத்தையல்தான் பலம் என்கிறார்களே, நிஜமா? பெருமைக்குச் சொல்வதா?

கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் விஷயமும் இருக்கிறது. மெஷினில் மேல் நூல், கீழ் நூல் என்று இரண்டு நூல்கள் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொண்டு நிற்கின்றன. ஒன்று அறுந்தால் மற்றதற்குப் பிடி போய்விடும், தையல் வரிசையாக நெகிழும். குதிரைச் சேணம் தைப்பவர்களின் தையல் வேறு. ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போகும். ஒரு பக்கம் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கம் ஓடுகிற நூல் பிடித்துக்கொண்டிருக்கும்.

செய்முறையில் பலர் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. முதல் ஊசியைத் துளை வழியாக இழுத்தாயிற்று. இரண்டாவது ஊசியை அதே துளையில் விடும்போது அது உள்ளே கிடக்கிற நூலையே குத்திவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. இறுக்கும்போது இரண்டு பக்கமும் அசையாது. அதனால் இரண்டாவது ஊசி பாதி நுழைந்ததும் நிறுத்தி, முதல் நூலை லேசாக முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். தடையில்லாமல் ஓடினால் ஊசியை முழுதாக இழுக்கலாம். ஓடவில்லை என்றால் ஊசியைப் பின்வாங்குங்கள். பழகிவிட்டால் அரை நொடி வேலை. எந்தப் பக்கத்து ஊசி முதலில் போகிறது, இரண்டாவது ஊசி முதல் நூலுக்கு மேலா கீழா, இவற்றைக் கடைசிவரை மாற்றாதீர்கள். நடுவில் மாறினால் தையல் சாய்வு அந்த இடத்தில் மட்டும் திரும்பிக்கொள்ளும். எனக்கு அது கண்ணை உறுத்தும்.

தைக்கிற நீளத்தைப் போல நாலு மடங்கு நூல் எடுத்தால் பெரும்பாலும் போதும்; தடித்த தோலுக்கு இன்னும் கொஞ்சம். பர்ஸுக்கு 0.6 மில்லிமீட்டர் நூல், பைக்கு 0.8. மெழுகு இல்லாத நூல் என்றால் தேன்மெழுகில் இரண்டு இழுப்பு. ஊசி முனை மழுங்கியதாக இருக்கட்டும். துளை போடுவது குத்தூசியின் வேலை.

கேள்வி: முன்பக்கம் தையல் நேராக இருக்கிறது, பின்பக்கம் பாம்பு மாதிரி போகிறது.

குத்தூசி சாய்கிறது. துளை போடும்போது கருவியைப் பக்கவாட்டிலிருந்தும் ஒரு முறை பாருங்கள். தோல் தடிப்பாக இருக்க இருக்க, கொஞ்சம் சாய்ந்தாலும் பின்னால் அது பெரிதாகத் தெரியும்.

கேள்வி: ஓரத்தை ஒரு மணிநேரம் தேய்த்தும் பளபளப்பு வரவில்லை. பஞ்சு பஞ்சாக நிற்கிறது.

உங்களிடம் இருப்பது குரோம் தோலாக இருக்கும். ஆவாரம்பட்டை, கடுக்காய் மாதிரி தாவரத் துவர்ப்பில் பதனிட்ட தோல்தான் ஈரமாக்கித் தேய்த்தால் ஓரம் இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகும். குரோமியம் உப்பில் பதனிட்டது எவ்வளவு தேய்த்தாலும் அப்படி இறுகாது. எது எது என்று தெரிய, சதைப்பக்கத்தில், அதாவது சொரசொரப்பான உள்பக்கத்தில், ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சீக்கிரம் உறிஞ்சிக் கறுத்தால் பட்டைத் தோலாக, அதாவது தாவரத் துவர்ப்பில் பதனிட்டதாக, இருக்க வாய்ப்பு அதிகம். வெட்டிய ஓரத்தின் நடுவில் நீலச் சாம்பல் கோடு தெரிந்தால் குரோம்.

பட்டைத் தோலுக்கு: ஓரத்தின் கூர்முனைகளைச் சீவி, 400, பிறகு 600 எண் உப்புத்தாள் போட்டு, விரலால் கொஞ்சம் தண்ணீர் தடவி, வழவழப்பான மரக்கட்டையால் தேயுங்கள். சொதசொதவென்று நனைத்தால் காளான் மாதிரி விரிந்துவிடும். குரோமுக்கு ஓரப் பெயிண்ட் அடியுங்கள், அல்லது ஓரத்தைப் பாதித் தடிமனுக்குச் சீவி உள்ளே மடித்துத் தையுங்கள். மடிப்பதுதான் எனக்குப் பிடிக்கும். பெயிண்ட் என்றைக்காவது உரியும்.

கேள்வி: தோளில் மாட்டுகிற பட்டை மூன்றே மாதத்தில் நீண்டு, ஒரு பக்கம் வளைந்துவிட்டது. என்ன தப்பு?

வயிற்றுப் பகுதித் தோலில் வெட்டியிருப்பீர்கள். அங்கே நார்கள் தளர்வு, இழுத்தால் நீளும். பெல்ட், கைப்பிடி, தோளில் மாட்டுகிற பட்டை எல்லாம் முதுகுப் பகுதியில், முதுகெலும்புக்கு இணையாக வெட்ட வேண்டும். வெட்டுமுன் இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள், தோலே சொல்லிவிடும். வயிற்றுத் தோலை உள்பைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: வினிகரில் இரும்பு ஊறவைத்துத் தோலைக் கறுப்பாக்கலாம் என்கிறார்கள். சாயமே வேண்டாமா?

பட்டைத் தோல் என்றால் வேண்டாம். இரும்பும் தோலிலுள்ள துவர்ப்பும் சேர்ந்துதான் கறுக்கிறது. அதனால் சாயம் மாதிரி கையில் ஒட்டாது, உள்ளேயும் இறங்கும். குரோம் தோலில் துவர்ப்பு இல்லை, வேலை செய்யாது. இரும்பு நாரை ஊறவைக்கும்போது மூடியை இறுக்காதீர்கள், வாயு வரும். தோல் கறுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசுங்கள். விட்டால் மிச்ச அமிலம் நாளடைவில் தோலை அரிக்கும். காய்ந்ததும் மெல்லிதாக எண்ணெய்.

கேள்வி: நனைந்த உறையை ஹேர் டிரையரில் காயவைத்தேன். மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. பழைய மாதிரி ஆக்க முடியுமா அண்ணி?

முடியாது. ஈரத் தோலில் சூடு பட்டால் அதிலுள்ள கொலாஜன் சுருங்கிவிடும், திரும்ப விரியாது. எண்ணெய் போட்டால் கொஞ்சம் இளகலாம், அளவு திரும்பாது. இனிமேல் நிழலில், காற்றில், பொறுமையாக.

கேள்வி: தப்பான இடத்தில் துளை போட்டுவிட்டேன். மறைக்க வழி உண்டா?

பட்டைத் தோலை லேசாக நனைத்து, வழவழப்பான எலும்புக் கருவியால் துளையைச் சுற்றி நடுவை நோக்கித் தேய்த்தால் சிறிய துளை இன்னும் சிறுக்கும். மூடிப்போகாது. குரோம் தோலில் அதுவும் நடக்காது. மேலே எதையாவது வைத்துத் தைக்க வேண்டியதுதான். நான் தினமும் தூக்குகிற பையின் முன்பக்கத்தில் குறுக்கே ஒரு பட்டை ஓடும். நல்ல டிசைன் என்கிறார்கள், நானும் சிரித்துக்கொள்வேன். அதன் அடியில் பதினோரு துளைகள் இருக்கின்றன.