பச்சைப் புல்லை ஏன் அழிக்கிறார்கள்?

கேள்வி: அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் காட்டுயிர்களுக்காகப் புல்வெளி அமைப்பவர்கள், முதல் வேலையாக அங்கே செழித்திருக்கும் புல்லையே மருந்தடித்து அழிக்கிறார்களாமே, இது முரண் அல்லவா?

பதில்: முரண் இல்லை, அழிக்கப்படுவது அந்த மண்ணின் புல்லே அல்ல. ஐரோப்பாவிலிருந்து வந்த டால் ஃபெஸ்க்யூ என்னும் குளிர்பருவப் புல் (இளவேனிலிலும் இலையுதிர்காலத்திலும் செழிப்பது), 1943-இல் ‘கென்டக்கி 31’ என்ற ரகமாக வெளியிடப்பட்ட பின் மேய்ச்சல் நிலமெங்கும் பரவியது. தரையோடு தரையாக அடர்ந்து பின்னிக்கொள்வதால், கட்டைவிரல் பருமனே உள்ள பாப்ஒயிட் காடைக் குஞ்சு அதனுள் நுழைந்து நடக்கவோ பூச்சி பொறுக்கவோ முடிவதில்லை.

ஒழிப்பதற்குக் காலக்கணக்கு முக்கியம். கோடையின் கடைசியில் மேயவிட்டோ வெட்டியோ குட்டையாக்கி, இலையுதிர்காலத்தில் புதுத் தளிர் அரையடிக்கு மேல் எழுந்ததும், கடும் உறைபனி விழுமுன் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைத் தெளிக்கிறார்கள். புளூஸ்டெம், இந்தியன் புல் போன்ற உள்நாட்டுப் புற்கள் அதற்குள் உறக்கநிலைக்குப் போய்விடுவதால் அவற்றுக்குப் பெரிய சேதம் நேராது. தப்பிய ஃபெஸ்க்யூ இளவேனிலில் துளிர்க்கும்; உள்நாட்டுப் புல் எழுமுன் மறுபடி தெளிக்க வேண்டும். இந்த இரண்டாம் தெளிப்பைத் தவிர்ப்பதைத்தான் பெருந்தவறு என்பேன். உழவும் கூடாது, புதைந்திருக்கும் களைவிதைகள் மேலே வந்து முளைத்துவிடும்.

பிறகு, குளிர்காலத்தில் மேலாகத் தூவிய உள்நாட்டுப் புல்விதை, மண் உறைந்து இளகும்போது தானே உள்ளே இறங்கும். முதலாண்டில் நாற்று பெரும்பாலும் வேரைத்தான் வளர்க்கும். கண்ணுக்குத் தெரிவது களையாகவே இருக்கும். அதை நாற்றின் தலைக்கு மேலாக வெட்டிவிட்டால் போதும். புல் நன்கு வேரூன்றிய பின், இளவேனிலில் கட்டுப்படுத்தித் தீயிடுவது ஃபெஸ்க்யூவைத் தளரச் செய்யும். ஆனால் காடை கூடுகட்டத் தொடங்குமுன் அதை முடித்துவிட வேண்டும்.