கடல் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்தால் உப்பு போய்விடுமா? குடிக்கலாமா?

உப்பு பிரியும். ஆனால் உறைந்ததை அப்படியே உருக்கிக் குடித்துவிடாதீர்கள். நீங்களும் கடலோரத்தில் இருந்துகொண்டு நல்ல தண்ணிக்கு அலைகிறவர் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

நாகப்பட்டினத்தில் படகுகளுக்கு ஐஸ் போடும் பிளான்ட்டில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். தண்ணீர் நிரப்பிய கேன்களை, பூஜ்யத்துக்குக் கீழே குளிர வைத்த உப்புத்தண்ணீர்த் தொட்டியில் இறக்குவோம். ஓரத்திலிருந்து உள்நோக்கி ஐஸ் கட்டும். கட்டக் கட்ட, கேன் தண்ணியில் இருக்கும் உப்பை உள்ளே தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் உப்பும் காற்றும் நடுவில் சேருவதால்தான் ஐஸ் பாரின் ஓரம் கண்ணாடி மாதிரியும் நடு வெள்ளையாகவும் இருக்கிறது. எங்கள் போர் தண்ணி உவர்ப்பான பிறகு, நடுத்துண்டை நாக்கில் வைத்தால் கரிக்கும், ஓரம் கரிக்காது. இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகன், "உறைஞ்சா உப்பும் சேர்ந்துதான் மாமா உறையும்" என்று சாதித்தான். இரண்டு துண்டையும் தனித்தனியாக உருக்கி, கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை அவன் கையிலேயே கொடுத்தேன். அப்புறம்தான் ஒத்துக்கொண்டான்.

கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. மைனஸ் 1.9 டிகிரியை ஒட்டி உறைய ஆரம்பிக்கும். வீட்டு ஃப்ரீசரோ மைனஸ் 18. அந்த வேகத்தில் ஐஸுக்கு இடையிலேயே உப்புநீர் மாட்டிக்கொள்ளும். பாதி உறைந்ததும் எடுத்து, மீதியைக் கொட்டி, ஐஸை நல்ல தண்ணியில் அலசி, உருக்கி மறுபடி உறைய வையுங்கள். ஒரு தடவை போதாது. குடிதண்ணியில் கரைந்த உப்புக்கு, வேறு வழியில்லாத இடத்துக்கே நம் நாட்டுத் தர அளவு லிட்டருக்கு 2 கிராம்தான். உறைந்தால் கிருமி சாகும் என்றும் நம்பாதீர்கள், காய்ச்சிக் குடியுங்கள்.

"ஆர்.ஓ. இருக்க இது எதற்கு" என்று யாராவது வருவார்கள். நான் ஆர்.ஓ.வுக்கு எதிரி இல்லை. காய்ச்சி வடிப்பதோடு ஒப்பிட்டால்தான் உறைய வைப்பது லாபம்: ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2,260 கிலோஜூல் வேண்டும், உறைய வைக்க 334 போதும். ஐஸில் ஒட்டிய உப்பைக் கழுவிப் பிரிப்பதுதான் பாடு. சென்னைக்குத் தண்ணி தரும் நெம்மேலி ஆலையே ஆர்.ஓ.தான், தெரியும்.

ஆனால் எங்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்கக் கூடாது. அப்பா வெட்டிய கிணற்றில்தான் சமைத்தோம், குடித்தோம். பக்கத்து வயலை இறால் குட்டையாக்கிக் கடல் தண்ணியை ஏற்றினார்கள். இன்று அந்தக் கிணற்றுத் தண்ணியில் பருப்பு வேகாது. மனு கொடுத்தோம், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கொள்ளிடத்துக் குழாய்த் தண்ணி வராத நாளில் குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குகிறோம், காவிரி பாயும் ஜில்லாவில்.