வெண்டை விதை போட்டால் பாதிதான் முளைக்கிறது, முளைத்த செடியும் மஞ்சளாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பாளையங்கோட்டையில் வீட்டுக்குப் பின்னால் அரை சென்ட் செம்மண்ணில் ஆறு வருஷமாக வெண்டை போடுகிறேன். முதல் வருஷம் எனக்கும் இதே கதைதான். விதையை இரண்டு நாள் ஊறப்போட்டு, கொழகொழத்து நாறிப்போச்சு. "ஏல, சுண்டலுக்கா ஊறப்போட்டிருக்க? ராத்திரி போட்டு விடிஞ்சதும் ஊனணும்ல" என்று ஆச்சி சிரித்தாள்.

வெண்டை விதைக்குத் தோல் கெட்டி, ஒரு ராத்திரி ஊறினால் போதும். முக்கால் அங்குல ஆழத்துக்கு மேல் புதைக்க வேண்டாம். குழிக்கு இரண்டு விதை, செடிக்குச் செடி 1 அடி, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி. இரண்டும் முளைத்தால் நோஞ்சானைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துக் கன்றின் வேரும் ஆடிப்போகும். ட்ரேயில் வளர்த்துப் பிடுங்கி நடுவது கத்தரிக்குச் சரி. வெண்டைக்கு ஆணிவேர், இடம் மாற்றினால் நாள்கணக்கில் சுணங்கும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். ஆனால் நம்ம பக்கத்து ஆடிக்காத்து இருக்கிறதே, செங்கோட்டைக் கணவாய் வழியாக அடித்து, மேல்மண்ணை அரை நாளில் காயவைத்துவிடும். உங்கள் விதை பாதி முளைக்காததற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம். காற்று வரும் மேற்குப் பக்கம் ஒரு பனையோலைத் தட்டி, விதைத்த இடத்தில் கொஞ்சம் சருகு, முளை தெரியும்வரை இரண்டு வேளைத் தண்ணீர். நாலு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். தையில் போட்டால் காற்றுத் தொல்லை இல்லை, ஆனால் பங்குனி வெயிலில் வெள்ளை ஈ கிளம்பும்.

இனி மஞ்சள் விஷயம். இலையைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். நரம்பு மட்டும் வலை பின்னினாற்போல மஞ்சளாக இருந்தால் அது நரம்புத் தேமல், வைரஸ். மருந்து கிடையாது. அன்றைக்கே பிடுங்கிவிட வேண்டியதுதான். ஒரு தடவை மனசு கேட்காமல் பஞ்சகவ்யம் ஊற்றி வைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளை ஈ அதிலிருந்து எடுத்து வரிசை முழுக்கப் பரப்பிவிட்டது. ஈ வராமல் இருக்க வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலம் இலைக்கு அடியில் படும்படி அடிக்கிறேன். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா இந்த நோயைத் தாங்கும் என்று வெளியிட்ட ரகம். அதிலும் ஒன்றிரண்டு செடி எனக்கு மஞ்சளாகியிருக்கிறது, ஆனாலும் அதைத்தான் போடுகிறேன். நரம்பு பச்சையாக இருந்து இலை மொத்தமாக வெளுத்தால் பயப்பட வேண்டாம். தண்ணீர் தேங்குகிறதா, உரம் போதவில்லையா என்று பாருங்கள்.

45, 50 நாளில் முதல் பறிப்பு. பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். சங்கரன்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போய் நாலு நாள் கழித்து வந்தால் எல்லாம் முற்றல், செடியும் பூப்பதைக் குறைத்துக்கொண்டது. (சுணை அரிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.) கடையில் நுனியை ஒடித்துப் பார்த்தால் திட்டுவாங்கள்லா, இங்கே யாரும் கேட்கப்போவதில்லை.

விதைக்கு, நோயில்லாத நல்ல செடியில் நாலு காயை விட்டுவைத்து, காய்ந்து வெடிக்க ஆரம்பித்ததும் எடுத்துச் சாம்பலில் புரட்டி வைக்கிறேன். பாக்கெட்டில் வீரிய ஒட்டு ரகம் என்று போட்டிருந்தால் மட்டும் இந்த வேலை வேண்டாம். அடுத்த தலைமுறை ஒன்று நெட்டை, ஒன்று குட்டை என்று கலந்துகட்டித்தான் வரும்.