நிக்சி குழாய்களுக்கு வீட்டு மின்சாரத்தை டயோடு வழியாக நேராகக் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். எண்களை ஒளியில் காட்டும் நிக்சி குழாய்களில் ஐஎன்-14 என்ற வகையில் ஆறை, கடிகாரம் செய்வதற்காக வாங்கி வைத்திருப்பதாகவும், கும்பகோணத்தில் வால்வு ரேடியோ பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் அவற்றில் 6.3 வோல்ட் ஹீட்டர் முள் (பின்) எது என்று தேடியும் கிடைக்கவில்லை என்றும், ஆகவே 230 வோல்ட்டை ஒரு டயோடும் கெபாசிட்டரும் வைத்து நேராகக் கொடுத்துவிடலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மின்தடை வந்தால் கடிகாரம் என்ன ஆகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மன்னார்குடிக்கு அருகே ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு இதே குழாய்களில் மூன்று கடிகாரங்கள் செய்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

அந்தப் பெரியவர் தேடியதில் தவறில்லை. அவர் வாழ்நாளெல்லாம் கையாண்ட வால்வுகளில் ஓர் இழை சூடானால்தான் வேலை நடக்கும். ரேடியோவில் நிலையம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பச்சை ஒளியில் காட்டும் மேஜிக் ஐ குழாயும் அப்படித்தான். நிக்சி குழாய்க்கு ஹீட்டரே கிடையாது. 1955-இல் அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்தக் குழாய்க்குள் இருப்பது வெற்றிடம் அன்று, குறைந்த அழுத்தத்தில் அடைத்த நியான் வாயு. 0 முதல் 9 வரை எண் வடிவில் செய்த பத்துக் கேத்தோடுகள் (எதிர்மின் முனைகள்) ஒன்றன்பின் ஒன்றாக நிற்க, வலை போன்ற ஓர் ஆனோடு (நேர்மின் முனை) அவற்றுக்குப் பொதுவாக இருக்கும். எந்த எண்ணின் முள்ளைச் சுற்றின் தரையோடு (கிரவுண்டு) இணைக்கிறோமோ, அந்த எண்ணைப் போர்த்தினாற்போல வாயு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். உங்கள் குழாய்களில் 5 என்பது தலைகீழாகத் திருப்பிய 2 போலத் தெரிந்தால் அது போலி என்று எண்ணிவிடாதீர்கள்; சோவியத் நாட்டில் ஐஎன்-14-ஐ அப்படியேதான் செய்தார்கள்.

எல்லோரும் இந்தக் குழாய்க்கு எத்தனை வோல்ட் என்றே கேட்கிறார்கள். குழாயின் ஆயுளைத் தீர்மானிப்பது வோல்ட் அன்று, ஆம்பியர். வாயு பற்றிக்கொள்ள ஏறத்தாழ 170 வோல்ட் வேண்டும். பற்றிய கணமே குழாயின் இரு முனைகளுக்கிடையே அது 140 அளவுக்கு இறங்கிவிடும், அதற்குமேல் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தக் குழாய்க்குள் எதுவும் இல்லை. மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் நின்றாலும் நம் வயலுக்கு வருவது மதகுப் பலகை விடுகிற அளவுதான். இங்கே அந்தப் பலகை, ஆனோடுக்கு முன் வைக்கும் ரெசிஸ்டர். ஐஎன்-14-க்கு 2.5 மில்லியாம்பியர் போதும். 180 வோல்ட் கொடுத்தால் குழாய் எடுத்துக்கொண்டதுபோக மீதம் 40 வோல்ட், அதை 2.5 மில்லியாம்பியரால் வகுத்தால் 16 கிலோ ஓம், கடையில் கிடைக்கும் 15 கிலோ ஓம் சரியாக இருக்கும். ஆறு குழாய்க்கும் தனித்தனி ரெசிஸ்டர் வையுங்கள். மின்னோட்டம் குறைந்தால் எண்ணின் ஒரு பகுதி ஒளிராமல் நிற்கும். கூடினால் கேத்தோடின் உலோகம் தெறித்துக் கண்ணாடியில் கரியாகப் படியும், படிந்தது திரும்பாது. குழாய்க்குள் எண்களோடு இருக்கும் தசமப் புள்ளிகள் மிகக் குறைந்த மின்னோட்டமே தாங்கும் என்பதால் அவற்றை அதே ரெசிஸ்டரில் எரிக்காதீர்கள்.

இப்போது உங்கள் டயோடு யோசனைக்கு வருகிறேன். 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை டயோடால் நேர்மின்னோட்டமாக்கிக் கெபாசிட்டரில் சேர்த்தால் கிடைப்பது 325 வோல்ட். ரெசிஸ்டரைப் பெரிதாக்கிக் குழாயைக் காப்பாற்றிவிடலாம். ஆளைக் காப்பாற்ற முடியாது. அந்தச் சுற்றின் தரை, வீட்டு மின்கம்பியோடு நேரடித் தொடர்பில் இருக்கும். புரோகிராம் ஏற்ற நீங்கள் யுஎஸ்பி கம்பியை, கடிகாரத்தை இயக்கும் சிறு கணினிப் பலகையான ஆர்டுயினோவில் செருகும்போது மடிக்கணினியின் உடலும், அதைத் தொட்டிருக்கும் உங்கள் கையும் அந்தத் தொடர்புக்குள் வந்துவிடும். இதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

12 வோல்ட் அடாப்டரிலிருந்து 180 வோல்ட்டை உண்டாக்கும் பூஸ்ட் சுற்றுதான் சரியான வழி. எம்சி 34063 அல்லது 555 ஐசி, 100 மைக்ரோஹென்றி காயில், ஐஆர்எஃப் 740 மாஸ்ஃபெட் (மின்னணுச் சுவிட்ச்), 250 வோல்ட் தாங்கும் 4.7 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், ஒரு வேகமான டயோடு, இவ்வளவே முக்கிய உறுப்புகள். டயோடு விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். கைவசம் இருந்த 1என் 4007-ஐ வைத்தேன். வோல்ட்டேஜ் ஏறவே இல்லை, டயோடு விரல் வைக்க முடியாதபடி சுட்டது. அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குப் பழகிய டயோடு, நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூட அதனால் இயலாது. யுஎஃப் 4004 வைத்ததும் சரியாயிற்று. ஆறு குழாய்க்கு 15 மில்லியாம்பியர், அதாவது 2.7 வாட், இழப்பையும் சேர்த்தால் 12 வோல்ட்டில் 300 மில்லியாம்பியர் அளவு போகும். அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்னூட்டம் நிற்கும், உதறிவிடும். அதற்குக் குறுக்கே 470 கிலோ ஓம் வைத்தால் பத்து நொடியில் வடிந்துவிடும்.

எண்களைத் தேர்ந்தெடுக்க 74141 அல்லது அதன் சோவியத் நகலான கே155ஐடி1 ஐசியைப் பயன்படுத்துங்கள். அதன் வெளியீட்டு முள் 60 வோல்ட் அளவே தாங்கும் என்பதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். 180-இல் 60 போனால் 120; அது 140-க்குக் கீழே இருப்பதால் தேர்ந்தெடுக்காத எண் ஒளிராது. இதனால்தான் வோல்ட்டேஜைத் தேவையில்லாமல் 220 வரை ஏற்றக் கூடாது. ஏற்றினால் தேர்ந்தெடுக்காத எண்களும் மங்கலாகத் தெரியக்கூடும். ஐசி கிடைக்காவிட்டால் 300 வோல்ட் தாங்கும் எம்பிஎஸ்ஏ 42 டிரான்சிஸ்டர்கள் போதும், சென்னை ரிச்சி தெருவில் தேடலாம்.

நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. என் முதல் கடிகாரம் கோடையெல்லாம் நன்றாக ஓடி, ஐப்பசி அடைமழை தொடங்கியதும் விடியற்காலைகளில் ஓரிரு குழாய்கள் பற்றாமல் நின்றது. அளந்தால் 180 இருக்க வேண்டிய இடத்தில் 160 இருந்தது. பூஸ்ட் சுற்றின் வெளியீட்டை அதன் ஐசிக்கு அளந்து சொல்லும் ரெசிஸ்டர் மெகா ஓம் அளவில் இருப்பதால், பலகையில் துடைக்காமல் விட்ட ஃப்ளக்ஸ் (பற்றவைக்கும்போது பூசும் பசை) ஈரத்தை இழுத்து, அதன்வழியே கசிந்த சிறு மின்னோட்டமே அந்த அளவைக் கெடுத்துவிட்டது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் பலகையைத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, வார்னிஷ் பூசினேன். அதற்குப் பின் எந்த மழையிலும் தொல்லை இல்லை. நாகப்பட்டினம் பக்கம் உப்புக் காற்றில் வைப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

மின்தடைக்கு டிஎஸ் 3231 கடிகாரத் தொகுதியும் ஒரு சிஆர் 2032 பேட்டரியும் போதும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் ஊருக்கு மின்சாரம் திரும்ப மூன்று வாரத்துக்கு மேலாயிற்று. வந்த அன்று குழாய்கள் ஒளிர்ந்தபோது நேரம் செல்பேசியோடு ஒத்திருந்தது; அந்த முற்றத்தில் அன்று சரியாக இருந்த பொருள் அது ஒன்றுதான். 12 வோல்ட் சுற்று என்பதால் மருந்தடிக்கும் ஸ்பிரேயரின் பேட்டரியிலும் கடிகாரம் ஓடும். ஆனால் அந்த நாட்களில் அதைச் செல்பேசிகளுக்கே வைத்துக்கொண்டோம்.

கடைசியாக, மணியின் முதல் இலக்கம் 0, 1, 2 தவிர வேறு எதையும் காட்டாது. வெகுநாள் எரியாத எண்களின்மேல் மற்ற எண்களிலிருந்து தெறிக்கும் உலோகம் படிந்து, பிறகு அவை திட்டுத் திட்டாகவே ஒளிரும். ஆகவே நள்ளிரவுக்குப் பின் சில நிமிடங்கள் எல்லா எண்களும் சுழலும்படி புரோகிராம் எழுதிவிடுங்கள். இப்போதைக்கு ஒரே ஒரு குழாயை மட்டும் இணைத்து, 15 கிலோ ஓம் ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வையுங்கள். 37 வோல்ட் அளவு காட்டினால் மின்னோட்டம் சரி. அதன்பின் ஆறு குழாய்களிலும் பத்து எண்களையும் ஒவ்வொன்றாக எரித்து, எது அரைகுறையாக ஒளிர்கிறது என்று குறித்துவைத்துக்கொண்டு, குறையுள்ள குழாயை அந்த எண் தேவைப்படாத இலக்கத்தில் பொருத்துங்கள்.