ஸ்க்வீஜி எது வாங்குவது? கை பிரிண்டிங் செய்பவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

22 வருடமாகத் திருப்பூரில் கை பிரிண்டிங், அதாவது ஸ்க்ரீன் வைத்துக் கையால் அச்சடிக்கும் வேலை செய்கிறேன். முதல் ஆறு வருடம் கூலிக்கு நின்றேன், அப்புறம் சொந்தப் பட்டறை. ஸ்க்ரீன்மேல் மையை இழுத்துத் துணியில் இறக்குகிற, கைப்பிடி போட்ட ரப்பர் பிளேடுதான் ஸ்க்வீஜி. அதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்த கேள்விகளை, வந்த வரிசையிலேயே எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (திருப்பூர், புதிதாகப் பட்டறை போட்டவர்): அண்ணா, கடையில் கேட்டால் 60 வேண்டுமா, 70 வேண்டுமா, 80 வேண்டுமா என்கிறார்கள். அது என்ன நம்பர்? பச்சை, சிவப்பு என்று கலரும் சொல்கிறார்கள்.

பதில்: ரப்பர் எவ்வளவு கெட்டி என்பதற்கான அளவு அது. ஷோர் ஏ என்பார்கள். 55 முதல் 65 வரை மெது, 70, 75 நடுத்தரம், 80-க்கு மேல் கெட்டி. மெதுவான பிளேடு இழுக்கும்போது வளைந்து மெஷ்மேல் (பிரேமில் இழுத்துக் கட்டிய வலைத் துணி) சாய்வாகப் படியும், அதனால் மை நிறைய இறங்கும். கெட்டி பிளேடு வளையாது, முனை மட்டும்தான் தொடும், மை குறைவாக இறங்கும், கோடு கூர்மையாக விழும். கலரை மட்டும் நம்பி வாங்காதீர்கள் தம்பி, ஒரு கம்பெனியில் பச்சை 70 என்றால் இன்னொரு கம்பெனியில் அதே பச்சை வேறு நம்பராக இருக்கும். நம்பரைக் கேட்டு வாங்கி, பட்டறைக்கு வந்ததும் கைப்பிடியில் மார்க்கரால் அந்த நம்பரையும் வாங்கிய மாதத்தையும் எழுதிவிடுங்கள். இப்போதைக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், டீ ஷர்ட் வேலைக்கு 70, சதுர முனை.

கேள்வி (ஈரோடு): கறுப்பு டீ ஷர்ட்டில் வெள்ளை பிளாஸ்டிசால் (சூடு பட்டால்தான் காய்கிற மை) அடிக்கிறேன். மெஷ் 43டி (சென்டிமீட்டருக்கு 43 நூல்). மூன்று தடவை அழுத்தி இழுத்தும் சாம்பல் நிறமாகத்தான் தெரிகிறது. இன்னும் மெதுவான ஸ்க்வீஜி, 55 மாதிரி வாங்கினால் சரியாகுமா?

பதில்: வாங்காதீர்கள், இன்னும் மோசமாகும். உங்கள் சிக்கல் அந்த 'அழுத்தி' என்ற சொல்லிலேயே இருக்கிறது. வெள்ளை வெள்ளையாகத் தெரிய வேண்டுமானால் மை துணியின் மேலே உட்கார வேண்டும். நீங்கள் அழுத்த அழுத்த அது நூலுக்குள் இறங்கிவிடுகிறது, கறுப்பு நூலின் ரோமம் மேலே எட்டிப் பார்க்கிறது. நம்பிக்கை இல்லையென்றால் அடித்த டீ ஷர்ட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். டிசைன் அப்படியே வெள்ளைப் புள்ளிகளாக அங்கே தெரிந்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மையில் பாதி உடம்பில் ஒட்டும் பக்கம் போய்விட்டது என்று அர்த்தம்.

70 நம்பர், கூரான சதுர முனை எடுங்கள். ஸ்க்ரீனுக்கும் துணிக்கும் நடுவில் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி வையுங்கள். ஸ்க்வீஜியை நேராக நிறுத்திக் கொஞ்சமே சாய்த்து, 75 டிகிரி வாக்கில் பிடித்து, மெஷில் மை சுத்தமாக வழிக்கப்படும் அளவுக்கு மட்டும் அழுத்தி இழுங்கள், அதற்குமேல் ஒரு துளிகூட வேண்டாம். ஒரு கோட் அடித்து, ஃப்ளாஷ் ஹீட்டரில் தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்குக் காயவைத்து, மேலே இன்னொரு கோட். மூன்று தடவை ஈரத்தின்மேல் ஈரமாக இழுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நான் கூலிக்கு நின்ற காலத்தில் இதே தப்பைச் செய்துதான் ஒரு ஆர்டரில் இருபது டஜன் பனியனைக் கெடுத்தேன். மை சரியில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்து டேபிளில் நின்ற ஒரு அம்மா என் கையிலிருந்து ஸ்க்வீஜியை வாங்கி, அதே மையில் இரண்டு விரல் பலத்தில் இழுத்துக் காட்டினார். பளிச்சென்று விழுந்தது. அன்றைக்குத் தோளில் இருந்த வலி என் பிடியினால் வந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

கேள்வி (மதுரை, மகளிர் குழு): நாங்கள் மஞ்சப்பை தைத்து, கடைப் பெயர் அச்சடித்துக் கொடுக்கிறோம். தண்ணீர் கலக்கிற பிக்மென்ட் கலர்தான். எழுத்து சில இடத்தில் விட்டு விட்டு விழுகிறது. ஸ்க்வீஜி 80 என்று கொடுத்தார்கள்.

பதில்: 2019-இல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததிலிருந்து நிறையப் பேர் இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம். பைத் துணி முரட்டு நெசவு, கையால் தடவினாலே மேடு பள்ளம் தெரியும். 80 நம்பர் வளையாது, மேட்டை மட்டும் தொட்டுவிட்டுப் பள்ளத்தைத் தாண்டிப் போகும். 60 அல்லது 65 வாங்குங்கள், துணியின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப அது இறங்கிக் கொடுக்கும். மெஷ் 43டி இருக்கட்டும். அந்த 80-ஐத் தூக்கிப் போட வேண்டாம், பின்னால் நுணுக்கமான வேலை வந்தால் உதவும். இன்னொன்று, அடிப்பதற்கு முன் பையின் ஓரத் தையலும் கைப்பிடித் தையலும் ஸ்க்ரீனுக்கு அடியில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பைக்குள் ஒரு அட்டையைச் சொருகி, தையல் அட்டைக்கு வெளியே விழுகிற மாதிரி விரித்து அடியுங்கள். தையல் மேட்டில் ஸ்க்ரீன் தூக்கிக்கொண்டால் எந்த ஸ்க்வீஜியும் காப்பாற்றாது.

கேள்வி: மரக் கைப்பிடியா, அலுமினியமா?

பதில்: கைக்கு மரம்தான் சுகம், விலையும் குறைவு. ஆனால் தண்ணீரில் ஊறினால் வளையும், வளைந்த மரத்தில் பிளேடு நேராக நிற்காது. அலுமினியம் வளையாது, பிளேடை மாற்றுவதும் சுலபம். அதில் போல்ட்டை ஒரு பக்கம் அதிகமாக இறுக்கிவிட்டால் ரப்பர் அலை அலையாக நெளியும், அதனால் நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். எதுவானாலும் ரப்பர் கைப்பிடிக்கு வெளியே இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தேய்ந்து குட்டையானால் நம்பர் 65 என்றிருந்தாலும் 80 மாதிரி நடந்துகொள்ளும்.

கேள்வி (சிவகாசி, கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்): காலையில் தங்கக் கலர் எழுத்து நன்றாக விழுகிறது. மதியத்துக்குமேல் எழுத்தின் ஓரம் தடித்துப்போகிறது. ஸ்க்ரீனைக் கழுவியும் பயன் இல்லை.

பதில்: ஸ்க்ரீன்மேல் தப்பு இல்லை, பிளேடு ஊதியிருக்கிறது. உங்கள் மையில் இருக்கிற சால்வென்ட்டை (தின்னர் மாதிரி கரைக்கிற திரவம்) ரப்பர் மெல்ல மெல்லக் குடிக்கும். குடித்தால் உப்பும், மெதுவாகும், முனையின் கூர் போய்விடும். இடையிடையே தின்னரில் ஊறப்போட்டுத் துடைக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், துணியில் தின்னரைத் தொட்டுத் துடைத்தால் போதும். சாதா ரப்பர் என்றால் பாலியூரித்தேனுக்கு மாறுங்கள். விலை கூட, ஆனால் தேய்மானம் நன்றாகத் தாங்கும். அதுவும் சால்வென்ட்டில் ஊதாமல் இருக்காது, தாக்குப்பிடிக்கும் நேரம்தான் கூடும். ஆகவே ஒரே அளவில் இரண்டு வைத்துக்கொண்டு, மதியம் ஒன்றை மாற்றி, முதலாவதை ராத்திரி முழுக்கக் காற்றாட வையுங்கள். குடித்தது ஆவியாகிப் பழைய நிலைக்கு வரும். பத்திரிகைக்கு 75, சதுர முனை.

கேள்வி: எவ்வளவு நீளம் வாங்குவது? பெரியதாக ஒன்று வாங்கி எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. டிசைனைவிட இரண்டு பக்கமும் ஒரு இஞ்ச் கூடுதலாக இருந்தால் போதும், பிரேமின் உள் விளிம்புக்கும் ஸ்க்வீஜிக்கும் நடுவில் இரண்டு இஞ்சாவது காலியாக இருக்க வேண்டும். பிரேமை ஒட்டிப் போனால் அந்த ஓரத்தில் மெஷ் கீழே இறங்காமல் விறைத்து நிற்கும், நீங்கள் அழுத்துவீர்கள், கடைசியில் மெஷ் கிழியும். செஸ்ட் லோகோவுக்கு ஒன்று, முதுகு டிசைனுக்கு ஒன்று எனத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கோவை): முனை மழுங்கியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தீட்டலாமா, புதிதுதான் வாங்க வேண்டுமா?

பதில்: ட்யூப்லைட்டுக்குக் கீழே முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கூரான முனையில் வெளிச்சம் தங்காது. மழுங்கியிருந்தால் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு மின்னும். அப்புறம் விரல் நகத்தை முனைமேல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஓட்டுங்கள். எங்கேயாவது நகம் தட்டினால் அங்கே வெட்டு இருக்கிறது, அடித்த டிசைனில் அதே இடத்தில் நேர்க்கோடாக மை தடித்து விழும்.

தாராளமாகத் தீட்டலாம். நேரான ஒரு கண்ணாடியோ கடப்பாக் கல்லோ எடுத்து, 120 நம்பர் உப்புத்தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். பக்கத்தில் ஒரு செங்குத்தான கட்டையை வைத்து, அதில் ஸ்க்வீஜியைச் சாய்த்து நிமிர்த்திப் பிடித்து, நீளவாக்கில் முன்னும் பின்னும் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் முனை உருண்டுவிடும். வெள்ளைக் கோடு மறைந்ததும் 220-இல் பத்துத் தடவை. சால்வென்ட் மையில் ஓடிய பிளேடை அன்றைக்கே தீட்டாதீர்கள். ஊதியிருக்கும்போது தீட்டினால், வற்றிய பிறகு முனை கோணலாக நிற்கும், ஒரு நாள் விடுங்கள்.

கேள்வி: 70/90/70 என்று மூன்றடுக்கு பிளேடு வருகிறதே, கை பிரிண்டிங்குக்கு அது தேவையா?

பதில்: நடுவில் கெட்டி, இரண்டு பக்கமும் நடுத்தரம். முனை மெதுவாகத் தொடும், பிளேடு மொத்தமாக வளையாது. நீங்கள் 90டி, 120டி மெஷில் புள்ளி வைத்த போட்டோ டிசைன் அடிக்கிறீர்கள் என்றால் வாங்குங்கள், நாள் முழுக்க ஒரே சாய்வில் இழுக்கக் கைக்கு ரொம்ப ஒத்தாசை. சாதா லோகோ வேலைக்கு அந்தக் காசில் இரண்டு நல்ல 70 வாங்கலாம்.

கேள்வி (கல்லூரி மாணவி): வீட்டில் பழகுகிறேன் அண்ணா. தரை துடைக்கிற வைப்பர் ரப்பரை வெட்டிப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. அது ரொம்ப மெது, முனையும் நேராக இருக்காது, உன் கைதான் சரியில்லை என்று நினைத்து வெறுத்துவிடுவாய். ஸ்க்வீஜி ரப்பரைக் கடையில் நீளக் கணக்கில் வெட்டித் தருவார்கள். ஆறு இஞ்ச் 65 வாங்கி ஒரு மரக் கட்டையில் பொருத்திக்கொள். தண்ணீர் கலர் என்றால் ஒவ்வொரு பிரிண்டுக்குப் பிறகும் ஸ்க்ரீனைத் தூக்கிப் பிடித்து, அழுத்தாமல் மையை மெஷ்மேல் ஒரு தடவை பரப்பி வை, அப்போதுதான் மெஷ் கண்ணில் கலர் காயாது. வேலை முடிந்ததும் ஸ்க்வீஜியைக் கழுவித் துடைத்து, ரப்பர் மேலே பார்க்கிற மாதிரி நிறுத்தி வை. முனைமேல் சாய்த்து வைத்தால் காலையில் அந்த இடம் வளைந்திருக்கும்.