‘ரைட் பிஹைண்ட் த டோர்’ என்னும்போது ‘ரைட்’ எந்தச் சொல்லைத் தழுவுகிறது?

கேள்வி இது: ஆங்கிலத்தில் வினையுரிச்சொல் (அட்வெர்ப்) என்பது வினையை, பெயரடையை அல்லது வேறொரு வினையுரிச்சொல்லைத் தழுவும் என்றுதான் பள்ளியில் படித்தோம். அப்படியிருக்க, ‘ரைட் பிஹைண்ட் த டோர்’, ‘வெல் பிலோ த லிமிட்’ போன்ற தொடர்களில் முதலில் வரும் சொல் எதைத் தழுவுகிறது? அதை நீக்கிவிட்டால் பொருள் கெடுமா?

பள்ளியில் சொல்லிக்கொடுத்த மூன்றும் சரிதான். ஆனால் அந்தப் பட்டியல் அத்துடன் முடிவதில்லை. ‘ரைட்’ இங்கே தழுவுவது ‘பிஹைண்ட் த டோர்’ என்ற முன்னிடைச்சொல் (ப்ரெபோசிஷன்) தொடர் முழுவதையும். துடைப்பம் எங்கே என்று ஒருவர் கேட்டால், ‘ரைட் பிஹைண்ட் த டோர்’ என்று மட்டும் பதில் சொல்லலாம். அந்தப் பதிலில் வினைச்சொல்லே இல்லை, ஆகவே ‘ரைட்’ வினையைத் தழுவுகிறது என்று வாதிட இடமில்லை. வாக்கியத்தின் தலைப்பகுதிக்கு அந்தத் தொடரை நகர்த்தினாலும் (‘ரைட் பிஹைண்ட் த டோர் ஸ்டுட் எ போலீஸ்மேன்’) ‘ரைட்’ அதனுடன் ஒட்டிக்கொண்டே நகர்கிறது. இரண்டும் ஒரே அலகு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நீக்கினால் என்ன ஆகும் என்பதே கேள்வியின் சுவையான பகுதி. ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’, ‘அபவ்’, ‘பிலோ’, ‘பிஹைண்ட்’ போன்ற சொற்கள் ஒரு திசையை மட்டும் காட்டுகின்றன. அந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்பதைச் சொல்வதில்லை. டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியது, கப்பலின் நேரப்படி, 1912 ஏப்ரல் 14 இரவு 11.40 மணிக்கு. ‘பிஃபோர் மிட்நைட்’ மோதியது என்று எழுதினால் அது பொய்யில்லை. ஆனால் மாலை ஏழு மணிக்கு மோதியிருந்தாலும் அதே தொடர் பொருந்தியிருக்கும். ‘ஷார்ட்லி பிஃபோர் மிட்நைட்’ என்று எழுதியவுடன், நள்ளிரவுக்கு முன்னிருந்த அத்தனை மணி நேரமும் விலகி, கடைசிச் சில நிமிடங்கள் மட்டும் மிஞ்சுகின்றன. கப்பல் மூழ்கியது மறுநாள் அதிகாலை 2.20 மணிக்கு, அதற்கு ‘வெல் ஆஃப்டர் மிட்நைட்’ பொருந்தும். இந்த இரண்டு வினையுரிச்சொற்களையும் இடம் மாற்றிப் போட்டால் இலக்கணம் ஒரு குறையும் சொல்லாது, செய்தி மட்டும் தவறாகிவிடும்.

இடத்தைக் குறிக்கும்போதும் இப்படித்தான். 1884-ஆம் ஆண்டு வாஷிங்டனில் கூடிய மாநாடு ஏற்றுக்கொண்ட பூச்சியத் தீர்க்கக் கோடு, லண்டனின் கிரீனிச் பகுதியில் உள்ள வானாய்வகத்தின் முற்றத்தில் தரையில் பதிக்கப்பட்டிருக்கிறது. அது ‘ரைட் த்ரூ த கோர்ட்யார்ட்’ செல்கிறது. வந்தவர்கள் அதன் இருபுறமும் கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கையில் உள்ள கைப்பேசியின் ஜிபிஎஸ் அந்தக் கோட்டின்மேல் பூச்சியத்தைக் காட்டுவதில்லை. அதன் பூச்சியக் கோடு ஏறத்தாழ 102 மீட்டர் கிழக்கே தள்ளியிருக்கிறது. இதை ‘ஈஸ்ட் ஆஃப் த லைன்’ என்று மட்டும் எழுதினால் வாசகர் எத்தனை மைல் வேண்டுமானாலும் கற்பனை செய்துகொள்ளலாம். ‘ஜஸ்ட் ஈஸ்ட் ஆஃப் த லைன்’ என்றால் நடந்துபோகும் தூரம் என்று புரிந்துவிடும். எண்ணே தெரிந்திருந்தால், ‘ஜஸ்ட்’ நின்ற அதே இடத்தில் ‘102 மீட்டர்ஸ்’ என்று வைத்துவிடலாம். முன்னிடைச்சொல்லுக்கு முன்னால் உள்ள அந்த இடம் அளவுக்கென்றே ஒதுக்கப்பட்ட இடம் என்று நான் எண்ணுவது இதனால்தான்: அளவு கையில் இருந்தால் எண், இல்லாவிட்டால் வினையுரிச்சொல்.

எல்லா வினையுரிச்சொல்லும் எல்லா முன்னிடைச்சொல்லுடனும் சேர்வதில்லை. ‘லாங் பிஃபோர்’ காலத்துக்கு, ‘ஹை அபவ்’ உயரத்துக்கு, ‘டீப் இன்டு’ உள்ளாழத்துக்கு. ‘சூன் ஆஃப்டர்’ என்பது இயல்பாக வரும். ‘சூன் பிஃபோர்’ காதில் உறுத்தும், அங்கே ‘ஷார்ட்லி’தான் வர வேண்டும். நம்மவர்கள் எதற்கும் தயங்காமல் போடும் ‘வெரி’ இங்கே நுழையவே முடியாது. ‘வெரி பிஹைண்ட் த ஹவுஸ்’ என்று எந்த ஆங்கிலேயரும் சொல்லமாட்டார். இன்னொன்றையும் கவனிக்கலாம். ‘ஹி வாக்ட் ரைட் பை மி’ சரி, அங்கே ‘பை’ இடத்தைச் சொல்கிறது. நாவலை எழுதியவர் யார் என்று சொல்லும் ‘பை’யின் முன்னால் ‘ரைட்’ போட முடியாது, ஏனெனில் அந்தப் பொருளில் அளப்பதற்கு ஒன்றுமில்லை.

‘ஒன்லி’ என்பதையும் இந்தக் குடும்பத்தில் சேர்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘ஷார்ட்லி ஆஃப்டர் த வார், ஹி ரிட்டர்ன்ட்’ என்பதில் ‘ஷார்ட்லி’ இடைவெளியை அளக்கிறது. ‘ஒன்லி ஆஃப்டர் த வார் டிட் ஹி ரிட்டர்ன்’ என்பதில் ‘ஒன்லி’ எதையும் அளக்கவில்லை. போருக்கு முந்தைய காலத்தை விலக்குகிறது, அவ்வளவுதான். அது முன்னால் வரும்போது ‘டிட்’ எழுவாய்க்கு முன்னே வந்துவிடுவதும் இரண்டின் குணமும் வேறு என்பதைக் காட்டுகிறது.

தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்குச் சொல்வரிசையில் ஒரு சிக்கல் உண்டு. நாம் ‘நள்ளிரவுக்குச் சற்று முன்’, ‘மேசைக்கு நேர் கீழே’ என்கிறோம். அளவுச்சொல் பெயருக்கும் ‘முன்’, ‘கீழே’ என்பவற்றுக்கும் நடுவில் நிற்கிறது. அதே வரிசையைப் பின்பற்றி ‘பிஃபோர் ஷார்ட்லி மிட்நைட்’ என்று எழுதிவிடக் கூடாது. ஆங்கிலத்தில் அளவுச்சொல் முதலில், முன்னிடைச்சொல் அடுத்து, பெயர் கடைசியில். ‘கதவுக்குப் பின்னாலேயே’ என்று நாம் ஓர் ஏகாரத்தால் முடித்துக்கொள்ளும் வேலைக்கும் ஆங்கிலத்தில் ‘ரைட்’ என்று தனிச்சொல் தேவைப்படுகிறது. ஏகாரத்துக்கு நேரான சொல் கண்ணில் படாததால் பலரும் மொழிபெயர்க்கும்போது அதை விட்டுவிடுகிறார்கள்.

‘வே பிலோ’, ‘பேங் இன் த மிடில்’, ‘ஸ்மாக் ஆன் த நோஸ்’ போன்றவை பேச்சுக்கு உரியவை. அலுவலக அறிக்கையில் ‘ஃபார் பிலோ’, ‘எக்ஸாக்ட்லி இன் த மிடில்’ என்று எழுதுவதே முறை. எழுத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுவது ‘ஜஸ்ட்’ என்ற சொல்லுக்குத்தான். அதற்குச் ‘சற்று’ என்ற பொருளும் உண்டு, ‘மட்டும்’ என்ற பொருளும் உண்டு. ஒரு மாத்திரையை ‘ஜஸ்ட் பிஃபோர் ஃபுட்’ சாப்பிடச் சொன்னால், உணவுக்குச் சற்று முன் என்று ஒருவர் கொள்வார், உணவுக்கு முன் மட்டுமே, பின்னால் கூடாது என்று இன்னொருவர் கொள்வார். முதல் பொருள்தான் வேண்டுமென்றால் ‘இமீடியட்லி பிஃபோர் ஃபுட்’, இரண்டாவது வேண்டுமென்றால் ‘ஒன்லி பிஃபோர் ஃபுட்’ என்று பிரித்து எழுதலாம். அரை மணி நேரம் முன்னதாக என்பதுதான் மருத்துவரின் கருத்தென்றால் ‘தர்ட்டி மினிட்ஸ் பிஃபோர் ஃபுட்’ என்று எண்ணையே எழுதிவிட வேண்டும், அங்கே வினையுரிச்சொல்லுக்கு வேலையில்லை.