92 மைல் வேகத்தில் பந்து வீசும் மகன்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் கேள்விகள் பல இருந்தாலும் கவலை ஒன்றுதான். பதினோராம் வகுப்பு படிக்கும் மகன் பேஸ்பாலில் மணிக்கு 92 மைல் வேகத்தில் பந்து வீசுகிறான். அமெரிக்காவின் உச்ச தொழில்முறை பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கின் அணி ஒன்றிலிருந்து, திறமையான வீரர்களைத் தேடும் ஸ்கவுட் அவனைப் பார்க்க இரண்டு முறை வந்துவிட்டார். ஒரு பல்கலைக்கழகப் பயிற்சியாளரும் அழைக்கிறார். இந்தப் பரபரப்பில் படிப்பு கெட்டுவிடுமோ என்று அஞ்சுகிறீர்கள். படிப்பையும் பேஸ்பாலையும் எதிரெதிரே நிறுத்த வேண்டாம். தொழில்முறை ஆட்டத்துக்குள் நுழைய இரண்டு வாசல்கள் உண்டு, இரண்டிலும் படிப்புக்கு வழி இருக்கிறது. எந்த வாசல், எந்த வயதில், என்ன தொகைக்கு என்பதை வரும் குளிர்காலத்துக்குள் குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு முன், ஸ்கவுட் உங்கள் மகனிடம் எதைப் பார்க்கிறார் என்பது தெரிய வேண்டும். வீட்டில் எல்லோரும் அந்த 92 என்ற எண்ணையே பேசிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல வேகம்தான். ஆனால் மேஜர் லீக்கின் சராசரி ஃபாஸ்ட்பால் (முழு வேகப் பந்து) இப்போது 94 மைலைத் தொட்டுவிட்டது. ஸ்கவுட்கள் 20 முதல் 80 வரையிலான அளவுகோலில் மதிப்பெண் போடுவார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. ஃபாஸ்ட்பால், வளைந்து செல்லும் ஸ்லைடர், கர்வ்பால், ஃபாஸ்ட்பால் போலவே கை அசைத்து மெதுவாகப் போடும் சேஞ்ச்அப், பந்தைக் குறிவைத்துப் போடும் கட்டுப்பாடு என ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண்கள்: இன்றைய நிலைக்கு ஒன்று, வளர்ந்து முற்றிய பிறகு எங்கே நிற்பான் என்ற கணிப்புக்கு ஒன்று. பள்ளி மாணவனை அந்த இரண்டாவது மதிப்பெண்ணுக்காகத்தான் தேடி வருகிறார்கள். உயரம், நீண்ட கை கால்கள், இன்னும் சதை பிடிக்க இடமுள்ள தோள் ஆகியவை எல்லாம் அதில் சேரும்.

அடுத்த ஆட்டத்தில் அந்த ஸ்கவுட்டைக் கவனியுங்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே வந்து, மகன் உடலைச் சூடேற்றிக்கொள்வதைப் பார்ப்பார். பிறகு பந்தைப் பிடிக்கும் கேட்சருக்குப் பின்னால், வேகத்தை அளக்கும் ரேடார் கன்னுடன் உட்காருவார். முதல் இன்னிங்ஸில் வந்த 92, ஐந்தாவது இன்னிங்ஸில் 88 ஆகிவிட்டதா என்று குறித்துக்கொள்வார். நடுவில் எழுந்து பக்கவாட்டுக்குப் போவார். கை எந்தக் கோணத்தில் வருகிறது, முன்கால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுகிறதா, சேஞ்ச்அப் போடும்போது கையின் வேகம் குறைந்து எதிராளிக்குக் காட்டிக் கொடுக்கிறதா என்பதெல்லாம் அங்கிருந்துதான் தெரியும். முதல் பேஸில் எதிரணி ஆட்டக்காரர் நிற்கும்போது ஸ்டாப்வாட்சை அழுத்துவார். மகன் அசையத் தொடங்கியதிலிருந்து பந்து கேட்சரின் கையுறையில் விழ 1.3 விநாடிக்கு மேல் ஆனால் எதிரணியினர் பேஸைத் திருடிவிடுவார்கள், அதாவது பந்து வருவதற்குள் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவார்கள். ஷார்ட்ஸ்டாப் என்ற களத்தடுப்பாளர் ஒரு சுலபமான பந்தைக் கோட்டைவிட்டால், ஸ்கவுட்டின் கண் போவது ஷார்ட்ஸ்டாப்பிடம் அல்ல, உங்கள் மகனின் முகத்திடம். தோழனை முறைக்கிறானா, அடுத்த பந்துக்குத் தயாராகிறானா என்று பார்ப்பார்.

ஆகவே ஆறு வாரத்தில் வேகத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லும் பயிற்சிக் கூடத்துக்கு இந்த ஆண்டு பணம் கட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அவனுக்குத் தேவை நம்பிப் போடக்கூடிய ஒரு சேஞ்ச்அப். 2024 டிசம்பரில் மேஜர் லீக் பேஸ்பால் வெளியிட்ட ஆய்வறிக்கை, பிட்சர்களின் (பந்து வீசுபவர்களின்) காயங்கள் பெருகுவதற்கு வேகத்தைத் துரத்துவதையும் பந்துக்குப் பந்து முழுப் பலத்தைச் செலவிடுவதையும் முக்கியக் காரணங்களாகக் காட்டியது. அந்தப் பழக்கம் பள்ளி வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

முழங்கையைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். நான் அதிகம் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். முழங்கையின் உட்பக்கத் தசைநார் கிழிந்தால், உடலின் வேறோர் இடத்திலிருந்து தசைநாண் எடுத்து அங்கே பொருத்துவார்கள். 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் இதை முதலில் செய்தது டாமி ஜான் என்ற பிட்சருக்கு. அவர் 1976-ல் திரும்பி வந்து 1989 வரை வீசினார். அதனால் அறுவை சிகிச்சைக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. இன்றும் குணமாகி ஆட்டத்துக்குத் திரும்ப ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். அறுவை செய்தால் கை முன்பைவிட வலுவாகும் என்று சில பெற்றோர் பேசிக்கொள்கிறார்கள், அதை நம்பாதீர்கள்.

மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து வகுத்த 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டுதல்படி, 17, 18 வயதுப் பிட்சர் ஒரு நாளில் 105 பந்துகளுக்கு மேல் போடக் கூடாது. 80-ஐத் தாண்டினால் நான்கு நாள் ஓய்வு. ஆண்டில் நான்கு மாதமாவது போட்டிகளில் பந்து வீசாமல் இருக்க வேண்டும், அதில் இரண்டு மூன்று மாதமாவது தொடர்ச்சியாகப் பந்தே எறியக் கூடாது. சிக்கல் என்னவென்றால், பள்ளிப் பயிற்சியாளர் பள்ளி ஆட்டத்தை மட்டும் எண்ணுவார், கோடைக்கால அணியின் பயிற்சியாளர் தன் ஆட்டத்தை மட்டும் எண்ணுவார், இலையுதிர்காலத் தேர்வு முகாம்களில் யாரும் எண்ண மாட்டார்கள். மொத்தத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கை வலிக்கிறது என்று அவன் சொன்னால், எந்த ஸ்கவுட் வந்திருந்தாலும் அன்று வீச வேண்டாம்.

இனி வாசல்கள். அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த ஜூலையில் நடக்கும் டிராஃப்டில் அவனை ஓர் அணி எடுக்கலாம். ஒரு காலத்தில் 40 சுற்றுகள் இருந்த டிராஃப்ட் 2021 முதல் 20 சுற்றாகக் குறைந்துவிட்டது. அதே ஆண்டு மேஜர் லீக் அணிகளோடு இணைந்து இளம் வீரர்களை வளர்க்கும் கீழ்நிலை மைனர் லீக் அணிகளும் 120 ஆகச் சுருங்கின. பள்ளிப் பையன்களுக்கான இடம் முன்பைவிடக் குறைவு. எடுத்தாலும் கையெழுத்திட வேண்டிய கட்டாயம் இல்லை. நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டால், மூன்றாம் ஆண்டு முடியும்வரை அல்லது 21 வயது ஆகும்வரை பொதுவாக டிராஃப்டுக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டாண்டு ஜூனியர் காலேஜில் சேர்ந்தால் ஒவ்வோர் ஆண்டும் வாய்ப்பு உண்டு.

இந்திய வம்சாவளித் தாய் ஒருவரின் மகனான குமார் ராக்கரின் பாதையை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். பள்ளி முடித்த 2018-ல் ராக்கீஸ் அணி அவரை 38-ஆவது சுற்றில்தான் எடுத்தது. அவர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தார். முதலாம் ஆண்டிலேயே டியூக் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல், அதாவது யாரும் அடித்து பேஸை எட்டவிடாமல், 19 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார் (பந்தை அடிக்கவிடாமல் வெளியேற்றினார்). 2021-ல் மெட்ஸ் அணி அவரைப் பத்தாவது ஆளாக எடுத்தது, ஆனால் மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தம் கைகூடவில்லை. அடுத்த ஆண்டு டெக்சஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவது ஆளாக எடுத்து 52 லட்சம் டாலர் கொடுத்தது. 2023-ல் முழங்கை அறுவை. 2024 செப்டம்பரில் மேஜர் லீக்கில் முதல் ஆட்டம். பள்ளி முடித்து ஆறு ஆண்டுகள். இவ்வளவு திறமை உள்ளவருக்கே பாதை இப்படி வளைந்து போனது. மறுபுறம், மார்க் பியூர்லியை 1998-ல் ஜூனியர் காலேஜிலிருந்து 38-ஆவது சுற்றில் எடுத்தார்கள். 90 மைலை அரிதாகவே தொடும் வேகத்தோடு, கட்டுப்பாட்டையே மூலதனமாக வைத்து, 2009-ல் ஒருவரைக்கூட பேஸுக்கு விடாத 'பெர்ஃபெக்ட் கேம்' வீசினார்.

பணத்தை நேராகவே பேசுவோம். 2023-ல் செய்துகொண்ட தொழிலாளர் ஒப்பந்தம் மைனர் லீக் சம்பளத்தை ஓரளவு உயர்த்தியது. அதன்படி அந்த ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளம் கீழ்ப்படியான லோ-ஏ நிலையில் 26,200 டாலர், அதைவிட உயர்ந்த டபுள்-ஏயில் 30,250, மைனர் லீக்கின் மேல்படியான டிரிபிள்-ஏயில் 35,800. அதே ஆண்டு மேஜர் லீக்கில் குறைந்தபட்சம் 7,20,000. நடுவே இருக்கும் அந்தப் பள்ளத்தைக் கடக்கப் பல ஆண்டுகள் ஆகலாம், பெரும்பாலோர் கடப்பதே இல்லை. எனவே கையெழுத்துக்குக் கிடைக்கும் போனஸ்தான் உண்மையான பணம். வரியும் ஆலோசகர் கட்டணமும் போக எவ்வளவு கையில் நிற்கும் என்று கணக்குப் போடுங்கள். பள்ளியிலிருந்து நேராகப் போவதானால், பின்னாளில் கல்லூரிச் செலவை அணியே ஏற்கும் உதவித்தொகைப் பிரிவு ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை பருவத்துக்கு, ஒரு பருவத்துக்கு எவ்வளவு என்ற எண்கள் அதில் தெளிவாக இருக்கட்டும். ஆட்டத்தை விட்ட பிறகு படிப்பைத் தொடங்கக் கெடுவும் உண்டு, அதையும் கேட்டு வையுங்கள்.

குளிர்காலத்தில் ஸ்கவுட் வீட்டுக்கு வரக்கூடும். காபி குடித்தபடி, "எவ்வளவு கொடுத்தால் கையெழுத்திடுவான்?" என்று கேட்பார். தயங்கித் தயங்கிப் பதில் சொல்லும் இடம் அதுவல்ல. முன்கூட்டியே ஒரு தொகையை முடிவு செய்து, அதை மாற்றாமல் சொல்லுங்கள். மகனின் இன்றைய நிலையை நீங்கள் விவரித்திருப்பதை வைத்துப் பார்த்தால், படிப்பையும் தாண்டி நினைக்க வைக்கும் தொகை வராதவரை பல்கலைக்கழகமே சரி என்பேன். மூன்று ஆண்டில் உடல் முற்றும், சேஞ்ச்அப் கைகூடும், பட்டத்தில் பெரும்பகுதி முடிந்திருக்கும். ஏஜென்ட் யாருடனும் எதிலும் கையெழுத்திடும் முன் அந்தப் பல்கலைக்கழகத்தில், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதிகளைக் கவனிக்கும் அலுவலகத்திடம் கேளுங்கள், ஒரு தவறான கையெழுத்து கல்லூரி ஆட்டத் தகுதியையே பறித்துவிடும்.

அழைக்கும் பயிற்சியாளரிடம் உதவித்தொகை எத்தனை சதவீதம், ஆண்டுதோறும் உறுதியா என்று கேளுங்கள். அணியில் ஏற்கெனவே எத்தனை பிட்சர்கள், காயம்பட்டால் உதவித்தொகை தொடருமா என்பதையும் கேட்கத் தவறாதீர்கள். பேசுவது மகனாக இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

என்சிஏஏயின் முதல் பிரிவுப் பல்கலைக்கழகத்தில் ஆட, பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் குறைந்தது 4-க்கு 2.3 சராசரியும் வேண்டும். 16-ல் பத்துப் பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடிந்திருக்க வேண்டும். மகனின் மதிப்பெண் பட்டியலை அனுப்பி வையுங்கள். எந்தப் பாடம் குறைகிறது, கோடையில் எதை முடிக்கலாம் என்று பார்த்து எழுதுகிறேன்.